அருள்புரத்திலிருந்து மலையடிவாரம் வரை: ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் சுற்றுக்குச் சில குறிப்புகள்

கம்பெனி லீவு விடும் ஞாயிற்றுக்கிழமையில், ஃபோர்லிப்ட் சத்தமும் ஜெனரேட்டர் புகையும் இல்லாத ரோட்டில் சைக்கிள் மிதிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு உடுமலைக்குத் தெற்கே நல்ல இடம் இருக்கிறது. உடுமலை, தளி, திருமூர்த்திமலை, குறிச்சிக்கோட்டை, அமராவதி அணை, மறுபடி உடுமலை என்று ஒரு சுற்று. 70 கிலோமீட்டரை ஒட்டி வரும். மலைமேல் ஏறாமல் அடிவாரத்தோடு போவதால், வாரம் இரண்டு நாள் சைக்கிள் ஓட்டிப் பழகியவர்களால் முடிகிற தூரம்தான்.

1. எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்பதைக் காற்றைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வைகாசிக் கடைசியிலிருந்து புரட்டாசி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் காற்று இழுத்து அடிக்கும். கேத்தனூர், பூளவாடி, குடிமங்கலம் பக்கம் இத்தனை காற்றாலைகள் நிற்பதே அதற்காகத்தான். ஏற்றம் என்றால் கொஞ்ச தூரத்தில் முடிந்துவிடும். எதிர்காற்று லேசில் முடியாது, இறக்கத்தில்கூட மிதிக்க வைக்கும். எனவே விடிந்ததும், காற்று வலுக்கும் முன், மேற்கே இருக்கும் திருமூர்த்திமலைக்கு முதலில் போய்விடுங்கள். அங்கிருந்து கிழக்கே திரும்பும்போது காற்றே முதுகில் தள்ளும். அமராவதியை முதலில் வைத்தால் பத்து மணி வெயிலில் எதிர்காற்றோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

2. மார்கழி, தை இரண்டும் அருமையான மாதங்கள். பனி இருக்கும் என்பதால் பின்னால் சிவப்பு லைட் கட்டாயம். ஐப்பசி, கார்த்திகையில் மழை பார்த்துக் கிளம்புங்கள். சித்திரை வெயிலில் இந்தப் பேச்சே வேண்டாம்.

3. அருள்புரத்திலிருந்தே கிளம்பி, பல்லடம் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மிதித்துத் தெம்பைத் தீர்க்காமல், உடுமலை வரை சைக்கிளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள். நாலைந்து பேர் சேர்ந்தால் துணி ரோல் ஏற்றும் குட்டியானை வண்டியே போதும். சைக்கிள்களை எதிரெதிர்த் திசையில் நிறுத்தி, நடுவில் பழைய அட்டைப் பெட்டியை விரித்துச் செருகினால் பெயின்ட் உரசாது. கியர் இருக்கும் பக்கத்தில் எதையும் சாய்க்கக் கூடாது. கயிறு கட்டும்போது சக்கரத்தில் கட்டாமல் ஃபிரேமில் கட்டுங்கள்.

4. இரண்டு வாரம் முன்பே வீட்டிலிருந்து அலகுமலை வரை ஒரு வெள்ளோட்டம் பாருங்கள். சீட் உயரம், பிரேக், கியர், கூட வருகிறவரின் பொறுமை எல்லாம் அதிலேயே தெரிந்துவிடும்.

5. நம் பக்கத்து ரோட்டோரங்களில் பள்ளத்தைவிட முள்தான் பஞ்சருக்குக் காரணம். சீமைக்கருவேலம், உடைமுள் இரண்டும் டயரில் ஏறி ஒடிந்து உள்ளேயே நிற்கும். ட்யூபை மாற்றுவதற்கு முன் டயரின் உட்பக்கத்தைத் துணியால் சுற்றித் துடையுங்கள். முள் இருந்தால் நூல் மாட்டும். விரலால் தடவிப் பார்க்காதீர்கள். ஆளுக்கு ஒரு ட்யூபும், குழுவுக்கு ஒரு பம்பும், ஒட்டுப்போடும் சாமானும் இருக்கட்டும். ஞாயிறு காலை வழியில் கடை திறந்திருக்கும் என்று நம்பக் கூடாது.

6. ஊருக்கே பனியன் தைக்கிறோம் என்பதற்காகக் காட்டன் பனியன் போட்டுக்கொண்டு போக வேண்டாம். வேர்வையைக் குடித்துக் கனத்து, உடம்போடு ஒட்டிக்கொள்ளும். காதர்பேட்டை சர்ப்ளஸ் கடைகளில் ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய பாலியஸ்டர் டி-ஷர்ட்கள் கிடைக்கும். பளிச்சென்ற நிறமாகப் பாருங்கள்.

7. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு எலுமிச்சம்பழம், இரண்டு ஸ்பூன் சர்க்கரை, இரண்டு சிட்டிகை உப்பு. தாகம் எடுக்கும் முன்பே கால் மணிக்கு ஒருமுறை இரண்டு வாய் குடியுங்கள். கடலை மிட்டாய், வாழைப்பழம் கைவசம் இருக்கட்டும். வழி நெடுகத் தென்னந்தோப்புகள், இளநீருக்குப் பஞ்சமில்லை.

8. திருமூர்த்திமலையில் அமணலிங்கேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு அணைப்பக்கம் கொஞ்சம் நில்லுங்கள். பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத் தண்ணீர் இங்கு வந்துதான் பல்லடம், பொங்கலூர், காங்கேயம் வாய்க்கால்களுக்குப் போகிறது. நம் ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் பாயும் தண்ணீரின் தலைமாடு இது. பஞ்சலிங்க அருவிக்கு நடந்து ஏற வேண்டும். மலைமேல் மழை என்றால் கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். போகக் கூடாது என்று அங்கே இருப்பவர்கள் சொன்னால் வாதாடாமல் திரும்பிவிடுங்கள்.

9. திரும்பித் தளிக்கு வந்து, ஜல்லிபட்டிப் பக்கமாகக் குறிச்சிக்கோட்டைக்குப் போகும் கிராமத்து ரோடுதான் இந்தச் சுற்றின் ருசி. தெற்கே மலை கூடவே வரும். மேப்பை முதல் நாளே போனில் இறக்கி வையுங்கள். பிரிவுகளில் சந்தேகம் வந்தால் டீக்கடையில் கேளுங்கள். வேகத்தடைகளுக்குப் பெரும்பாலும் வெள்ளைக்கோடு இருக்காது.

10. குறிச்சிக்கோட்டையிலிருந்து மூணாறு ரோடு. அமராவதி நகருக்குப் பிரியாமல் நேரே போனால் ஒன்பதாறு செக்போஸ்ட், அதற்கப்பால் ஆனைமலை புலிகள் காப்பகம். யானை ரோட்டைக் கடக்கும் இடம் அது, சைக்கிளுக்கு ஏற்றதல்ல. செல்ஃபிக்காகக்கூட உள்ளே நுழைய வேண்டாம்.

11. அமராவதி அணை 1957இல் கட்டியது. பக்கத்தில் முதலைப் பண்ணை உண்டு, குழந்தைகளோடு போனால் பார்க்கலாம். அணை மீன் வறுவல் வாசனை ஆளை இழுக்கும். ஆனால் இன்னும் 25 கிலோமீட்டர் பாக்கி. பார்சல் வாங்கிக்கொண்டு, உடுமலை போய்ச் சாப்பிடுங்கள். பதினொரு மணிக்குள் அணையை விட்டுக் கிளம்பிவிடுவது நல்லது.

12. வீடு திரும்பியதும் செயினைத் துடைக்கக் கடையில் எதுவும் வாங்க வேண்டாம். கட்டிங் வேஸ்ட்டில் வெள்ளை ஹோசியரித் துணியாக ஒரு கைப்பிடி போதும். செயினை அதில் பிடித்தபடி பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, துணியில் கறுப்பு வருவது நிற்கும்வரை துடைத்துவிட்டு, கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். மிஞ்சிய எண்ணெயை மறுபடி துடைக்காவிட்டால் ரோட்டு மண் எல்லாம் அதில்தான் வந்து ஒட்டும்.