திருநாம மண்: தன்மையும் பயனும்

அய்யாவழி அன்பர்கள் நெற்றியில் தரிக்கும் திருநாமம் வெண்மண்ணால் ஆனது. புருவ நடுவில் தொடங்கி மேல் நோக்கி எழும் ஒற்றைச் சுடரே அதன் வடிவம். நாள்தோறும் தொடும் மண்ணின் தன்மையை அன்புக்கொடி மக்கள் அறிந்திருப்பது நலம்.

பிறப்பு: நயமான வெண்களிமண் பாறையிலிருந்து பிறப்பது. பாறையில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் என்னும் கனிமம் நெடுங்காலம் மழைநீரில் ஊறிச் சிதையும். கரையும் உப்புகள் கழுவுண்டு போக, மாவு போன்ற மென்துகள் எஞ்சும். இரும்பு கலந்தால் அது சிவக்கும் அல்லது மஞ்சளாகும். இரும்பு குறைந்தால் வெண்மையாக நிற்கும். பழைய திருவிதாங்கூர் மண்ணில் குண்டறை, தோன்னக்கல் பகுதிகளில் இம்மண் நிறையக் கிடைக்கிறது.

தூய்மை: வெட்டியெடுத்த மண்ணை நீரில் கரைத்தால் மணல் முதலில் அடியில் தங்கும். கலங்கிய நீரை வேறு பாத்திரத்தில் வடித்து அசையாமல் வைத்தால் மென்மண் மெல்லப் படியும். அதை உலர்த்திக் கட்டியாக்குவர். சுண்ணாம்புக் கலப்பை அறிய, சிறிது பொடியில் எலுமிச்சைச் சாறு விடலாம். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு கலந்திருக்கிறது. நல்ல வெண்களிமண் பொங்காது.

பயன்: பிற கனிமங்களுடன் கலந்து சூளையில் சுட்டால் பீங்கானாகும். காகிதத்திற்கு வழவழப்பும் வண்ணப்பூச்சுக்கு அடர்த்தியும் தரும். மருந்துப் பொருள்களிலும் சேர்கிறது.

இத்தனை பயன்களுக்கும் மேலானது நெற்றியில் அது பெறும் இடம். அன்றைய தென்திருவிதாங்கூரில் எளிய சாதியார் தீண்டத்தகாதவராக ஒதுக்கப்பட்டனர். தலைக்கு வரி கட்டினர். கோயிலுக்குள் நுழைய உரிமையின்றி நின்றனர். அவர்களைத் தலைப்பாகை கட்டச் செய்த அய்யா வைகுண்டர், எல்லோர் நெற்றிக்கும் ஒரே மண்ணைத் தந்தார். பதியிலும் நிழல் தாங்கலிலும் பணிவிடை செய்பவர், வருபவரின் நெற்றியைத் தொட்டு நாமம் இடுகிறார். தொடக்கூடாது என்று உலகம் சொன்ன நெற்றியைத் தொட்டதே அங்கு முதல் அருள்.

காலடியில் கிடந்த மண் நெற்றிக்கு ஏறியது. தாழ்ந்து கிடந்த மக்களும் அப்படியே நிமிர்ந்தனர். நாமம் தரித்த நெற்றியோடு இன்னொருவரைத் தாழ்வாக நோக்குபவர், அந்த மண்ணின் பொருளை இன்னும் அறியாதவர்.

அய்யா உண்டு.