முடக்கறுத்தான் கொடியும் மூட்டு வலியும்

மாடிப்படியைக் கண்டாலே பெருமூச்சு விடும் பாட்டிமார் இல்லாத வீடு நம் தெருக்களில் மிகக் குறைவு. ஆண்டாண்டு காலம் முழந்தாளிட்டுச் செபமாலை சொல்லியவர்கள் இன்று நாற்காலியில் அமர்ந்தே சொல்கிறார்கள். அவர்களுக்கு மூலிகைகள் எந்த அளவு உதவும் என்பதைப் பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் படித்தும் பெரியவர்களிடம் கேட்டும் அறிந்தவாறு எழுதுகிறோம்.

முதலில் நோயை அறிதல் வேண்டும். சித்த மருத்துவம் வாத நோய்களை 80 என்று வகுக்கிறது. இக்கட்டுரைக்கு இரண்டு போதும். எலும்பு முனைகளில் மெத்தை போல் அமைந்த குருத்தெலும்பு தேய்வதால் வருவது மூட்டுத் தேய்மானம். சித்த மருத்துவர் இதனை அழல் கீல்வாயு என்பர். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே மூட்டுகளைத் தாக்குவது முடக்குவாதம். காலையில் எழுந்ததும் இரு கை விரல்களும் மடங்காமல் நெடுநேரம் விறைத்திருந்தால் அது இரண்டாவது வகையாக இருக்கலாம்.

முடக்கறுத்தான்! முடக்கை அறுப்பவன் என்று பெயரே வேலையைச் சொல்லிவிடுகிறது. வண்டலூர்ப் பக்கத்து வேலிகளில் மழைக்குப்பின் தானே படரும். இதன் காற்றடைத்த காயை நெற்றியில் அடித்து வெடிக்காத சிறுமியர் உண்டோ? உள்ளே இருக்கும் கரிய விதையில் இதய வடிவில் ஒரு வெண்புள்ளி காணலாம். அதனால்தான் தாவரவியலார் ‘இதய விதை’ என்று பொருள்படும் கார்டியோஸ்பெர்மம் என்ற பெயரை இட்டனர். ஒரு கைப்பிடி இலையைத் தோசை மாவுடன் அரைத்து வார்க்கலாம், ரசமும் வைக்கலாம். சற்றுக் கசக்கும். மிகுதியாக உண்டால் வயிறு இளகிவிடும் என்று பாட்டிமாரே எச்சரிக்கின்றனர்.

நொச்சி இலையை வதக்கித் துணியில் முடிந்து ஒற்றடமிடுவது இன்னொரு முறை. ஒற்றடம், பற்று, தொக்கணம் ஆகியவை சித்த மருத்துவத்தின் 32 புறமருந்துகளைச் சேர்ந்தவை.

நறுமண எண்ணெய்களால் செய்யும் மருத்துவத்திற்கு ‘அரோமாதெரபி’ என்ற பெயரைப் பரப்பியது பிரெஞ்சு வேதியியலார் கத்தெஃபோசே 1937-இல் வெளியிட்ட நூல். நம் வீடுகளில் நீலகிரித் தைலம் அதற்கு முன்பே மணக்கத் தொடங்கிவிட்டது! அதைத் தரும் மரம் 19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. இலையை நீராவியில் வடித்துத் தைலம் எடுப்பர். வலித் தைலங்களில் சேரும் மெதில் சாலிசிலேட், ஆஸ்பிரினின் உறவுப் பொருள். மென்தால் தோலிலுள்ள குளிர் உணர் நரம்புகளைத் தூண்டுவதால் வலி சற்று மறக்கிறது. ஆயினும் தேய்ந்த குருத்தெலும்பு எந்தத் தைலத்தாலும் வளர்ந்துவிடாது. தைலத்தை ஒருபோதும் குடிக்கலாகாது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்பவர்கள் இத்தகைய தைலத்தை நிறையத் தேய்ப்பதும் ஆபத்து.

வண்டலூரில் மின்சார ரயில் ஏறினால் மூன்றாவது நிலையம் தாம்பரம் சானடோரியம். அதன் அருகில் 2005-இல் தொடங்கப்பெற்ற தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அதன் மருத்துவமனை, சித்த மருத்துவராகவும் விளங்கிய அயோத்திதாசப் பண்டிதர் பெயரைத் தாங்கியுள்ளது. படித்த சித்த மருத்துவரையே பார்க்க இயலும்போது, சந்தையில் பெயரில்லாத பொட்டலம் வாங்குவானேன்? அத்தகைய பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது உலகின் பல இடங்களில் கண்டறியப்பட்டுள்ளது. உண்டதும் வலி பறந்துவிடும். நாளடைவில் எலும்பு மெலியும், சர்க்கரை ஏறும்.

முடக்குவாதத்தில் தாமதம் கூடவே கூடாது. மூட்டு ஒருமுறை கோணிவிட்டால் மருந்தால் நிமிராது. இலையை நம்பி மாத்திரையை நிறுத்தும் பாட்டிமார்க்கு இதைப் பேத்திகள்தாம் சொல்ல வேண்டும். தோசை ஒருபுறம் இருக்கட்டும், மாத்திரையும் இருக்கட்டும். அடுத்த முறை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்போது, வீட்டிலுள்ள தைலப் புட்டியையும் பொடிப் பொட்டலத்தையும் கையோடு எடுத்துப்போய்க் காட்டலாம்.