கல்லணையிலேர்ந்து கிளம்பு: பயணப் புத்தகம் படிக்க அக்காவோட டிப்ஸ்

தென்துருவம், எவரெஸ்ட்டுன்னு எடுத்த எடுப்பில தடித்தடியா வாங்கிட்டு, நாற்பதாம் பக்கத்தில பஸ் டிக்கெட்டைச் சொருகி வெச்சு மறந்துபோறவங்கதான் நம்ம வீட்டில ஜாஸ்தி. அதனால தங்கச்சி, முதல் புத்தகத்தை நம்ம ஊர்த் தண்ணியிலேயே ஆரம்பி. சிட்டியும் தி. ஜானகிராமனும் தலைக்காவிரியிலேர்ந்து பூம்புகார் வரைக்கும் காவிரியைத் தொடர்ந்து போய் எழுதின 'நடந்தாய் வாழி, காவேரி' 1971-ல வந்தது. ஜானகிராமன் மன்னார்குடிப் பக்கம் தேவங்குடிக்காரர். முதல் பக்கத்திலேர்ந்துதான் படிக்கணும்னு இல்லை. உனக்குத் தெரிஞ்ச ஊர் வர்ற இடத்தைத் தேடி அதை முதல்ல படி. எதைப் பார்த்து நின்னாங்க, எதைக் கவனிக்காம தாண்டிட்டாங்கன்னு உனக்கே பிடிபடும். அந்தக் கண்ணோட ஜானகிராமனோட ஜப்பான் பயணத்துக்குப் போ, 'உதய சூரியன்'. தெரியாத ஊரைப் பத்தி அவர் சொல்றதை எவ்வளவு நம்பலாம்னு அப்போ உனக்கு ஒரு அளவுகோல் இருக்கும்.

பக்கத்தில ஒரு பென்சிலும் காகிதமும் வெச்சுக்கோ. கல்லணையில ஒரு புள்ளி வெச்சு கொள்ளிடம், காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய்னு நாலு கோடு இழு. கோணலா இருந்தா இருக்கட்டும். அப்புறம் ஒருநாள் தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டில திருவையாறு பஸ் ஏறி, ஜன்னலோரமா உட்கார்ந்து பாலங்களை எண்ணு. வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி. பதிமூணு கிலோமீட்டர் சொச்சத்துக்குள்ள அஞ்சு ஆறு! பாலம் இல்லாத காலத்தில, ஆடி மாசத்து வெள்ளத்தில இதே வழியை யோசிச்சுப் பாரு. இனிமே எந்தப் புத்தகத்திலயும் 'ஆற்றைக் கடந்தோம்'ங்கிற ஒத்தை வரியைச் சும்மா தாண்டிட மாட்டே.

எல்லாத்தையும்விட முக்கியமா நான் சொல்றது இது: போனது எப்போ, எழுதினது எப்போன்னு ரெண்டையும் பாரு. யோன் ஓலாஃப்சன்னு ஒரு ஐஸ்லாந்துக்காரர், 1620-கள்ல தரங்கம்பாடி டேனிஷ் கோட்டையில பீரங்கிப் படையில வேலை பார்த்தவர். வெடிமருந்து விபத்தில அடிபட்டு ஊர் திரும்பினார். தன் கதையை எழுதினது 1661-ல, கிழவரான பிறகு! கிட்டத்தட்ட நாற்பது வருஷம் மனசில ஊறின கதை. அதில ருசி ஏறியிருக்கும், கணக்கு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். அதுக்கு நேரெதிர் ஸ்காட். 1912-ல தென்துருவத்திலேர்ந்து திரும்பற வழியில, சாகிற வரைக்கும் கூடாரத்துக்குள்ளேயே டைரி எழுதினார். நாளைக்கு என்ன ஆகும்னு எழுதறவருக்கே தெரியாது. ரெண்டையும் ஒரே மாதிரி படிச்சா ரெண்டுமே வீண். ஓலாஃப்சன் புத்தகம் இங்கிலீஷ்ல இருக்கு. அவர் இருந்த டேன்ஸ்போர்க் கோட்டை இன்னமும் கடலோரமா நிக்குது, சாயங்காலமா போ. உச்சி வெயில்ல அங்க படிப்பும் ஓடாது, ஒண்ணும் ஓடாது.

சுமை தூக்கினது யாரு, சோறு வடிச்சது யாருன்னும் தேடு. அந்தப் பேரே வராத புத்தகத்தை நான் ஒரு மாத்துக் குறைச்சுத்தான் வெச்சிருக்கேன்.

நடவு, அறுப்பு சமயத்தில பெரிய புத்தகத்தைத் தொடாதே, பாதியில நின்னுடும். அப்போ ஏ.கே. செட்டியாரோட கட்டுரைகள் தோதுப்படும். தன்னைப் பத்தி அதிகம் பேசாம, சின்னச் சின்ன வாக்கியமா எழுதுவார். காந்தி படத்துக்காக உலகம் பூரா அலைஞ்ச கதை 'அண்ணல் அடிச்சுவட்டில்' புத்தகத்தில இருக்கு. ராகுல் சாங்கிருத்தியாயனோட 'ஊர்சுற்றிப் புராண'மும் எங்க வேணா நிறுத்திட்டு எடுத்துக்கலாம். ஆனா அதைப் படிச்சுட்டு வீட்டில சொல்லாம மூட்டை கட்டிடாதே, அம்மா என்னைத்தான் கேப்பாங்க.

கிளை நூலகத்தில பயணக் கட்டுரைன்னு தனி அலமாரி இல்லேன்னா, வரலாறு, கட்டுரை, வாழ்க்கை வரலாறு மூணு வரிசையிலயும் தேடு. கீழ்த்தட்டுக்குக் குனிஞ்சு பாரு.