எரிந்த மண்ணுக்கு ஈரம் திரும்புமா?

காப்பிச் செடிகளைக் கவாத்து செய்ததும், வெட்டிய கிளைகளையும் தோண்டிய வேர்க்கட்டைகளையும் தோட்டத்துக்குள்ளேயே குவித்துத் தீ வைப்பது மலை விவசாயிகள் சிலரின் பழக்கம். வெயிலில் காய்ந்த மண் மழைக்குப் பின் பழையபடி ஆகிவிடுகிறதே, நெருப்பில் காய்ந்தால் மட்டும் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். நாகலூர் வட்டாரத்து மண்ணுக்கு இந்தக் கேள்வி முக்கியமானது.

களிமண்ணில் நீர் இரண்டு விதமாக இருக்கிறது. ஒன்று, துகள்களின் மேல் ஒட்டிய ஈரம். 105 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் இது பெரும்பாலும் போய்விடும். மண் ஆறியதும் காற்றிலிருந்தே கொஞ்சம் திரும்ப இழுத்துக்கொள்ளும். கரிசல் மண் இதில் கெட்டிக்காரன். கோவில்பட்டிப் பக்கம் கோடையில் பாளம் பாளமாக வெடித்த நிலம் நல்ல மழை பெய்தால் ஊதி மூடிக்கொள்கிறது.

மற்றொன்று, களியின் உடலுக்குள்ளேயே கட்டுண்ட நீர். சேர்வராயன் மலையில் காலங்காலமாகப் பெய்த மழை பாறையைக் கரைத்து மிச்சம் வைத்தவற்றில் கயோலினைட் என்ற களியும், பாக்சைட்டில் உள்ள கிப்சைட்டும் முக்கியமானவை. ஏற்காட்டில் பாக்சைட் வெட்டி மேட்டூர் அலுமினியத் தொழிற்சாலைக்கு அனுப்பியது பலருக்கு நினைவிருக்கும். கிப்சைட்டின் எடையில் நூற்றுக்கு 35 பங்கு நீர், கயோலினைட்டில் 14. கையில் எடுத்தால் ஈரமே தெரியாது. கிப்சைட் சுமார் 300 டிகிரியிலும், கயோலினைட் சுமார் 500 டிகிரியிலும் இந்த நீரை விட்டுவிடும். பிறகு நனைத்தாலும் அது எளிதில் திரும்பாது. பச்சைக்கல் மழையில் கரைவதும், சூளையில் வெந்த செங்கல் கரையாததும் இதனால்தான். வெந்த செங்கலும் காற்றின் ஈரத்தை மெல்ல மெல்ல ஏற்கத்தான் செய்கிறது. அதை அளந்து பழஞ்செங்கலின் வயதைக் கணிக்கும் முறையை பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 2009-ல் வெளியிட்டார்கள். அத்தனை நூற்றாண்டு காப்பிச் செடி காத்திருக்குமா?

காய்ந்த புல் எரிந்தால் மண்ணின் மேல்தோல்தான் சுடும். ஈரமுள்ள மண்ணோ, நீர் வற்றும்வரை 100 டிகிரியைத் தாண்டாது. கட்டைக் குவியல் இரவெல்லாம் கனன்றால்தான் ஆபத்து. பழுப்பு மண் செங்கல் நிறமாகியிருந்தால், அதிலுள்ள இரும்புத் தாதும் தன் நீரை இழந்துவிட்டது என்று அறியலாம்.

இதைவிடப் பெரிய நஷ்டம் இலைமக்கு. கயோலினைட்டுக்கு உரச்சத்தைப் பிடித்துவைக்கும் சக்தி குறைவு; மலைமண்ணில் அந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது மக்குதான். களி வேகும் முன்பே அது கருகிப் போகும். சாம்பலில் பொட்டாஷ் உண்டு என்பது மெய்யே. ஆனால் சரிவு நிலத்தில் மழை அதை அடித்துச் சென்றுவிடும்.

கிளைகளை நறுக்கிச் சரிவுக்குக் குறுக்காகப் பரப்பலாம், குழியிலிட்டு மக்கவைக்கலாம். வெள்ளைத் தண்டுத் துளைப்பான் தாக்கிய செடிகளை மட்டும் எரித்தே ஆகவேண்டும். அதைச் செடியில்லாத இடத்தில், காற்றில்லாத வேளையில், சிறு சிறு குவியலாகச் செய்வது நல்லது. முன்பே எரிந்துபோன இடத்தைக் கொத்திவிட்டுத் தொழு உரமும் இலைமக்கும் தாராளமாக இடவேண்டும். மண் பரிசோதனைக்கு அங்கிருந்து மாதிரி எடுக்கக்கூடாது. வேறிடத்தில் எடுத்த மண்ணையும் நிழலில்தான் உலர்த்தவேண்டும். அவசரத்துக்கு அடுப்பில் வாட்டக்கூடாது.