ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால்

வாலாஜாபேட்டை
வெள்ளிக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. நேற்று ராத்திரி நீ போனில் பேசியதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. ஆம்பூர் யூனிட்டில் ஒரு நிமிஷத்துக்குள் வரும் ஸ்டாக் ரிப்போர்ட், ராணிப்பேட்டை யூனிட்டில் முக்கால் மணி நேரம் இழுக்கிறது என்றாய். ஒரே மாடல் சர்வர், ஒரே 64 ஜி.பி. மெமரி, ஒரே போஸ்ட்கிரெஸ் பதிப்பு, செட்டிங்ஸ் ஃபைலைக்கூட அப்படியே காப்பி செய்து போட்டிருக்கிறாய். அதெல்லாம் சரி. ஞாயிறு ராத்திரி ராணிப்பேட்டை டேட்டாபேஸை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றப்போகிறேன் என்றாயே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டதற்கும் நீ பதில் சொல்லவில்லை.

அழித்து ஏற்றுவதா, காரணத்தைத் தேடுவதா என்பது உன் முடிவு. பொறுப்பு உன்னுடையது, நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஆனால் அழித்து ஏற்றிய பிறகு வேகம் வந்தால், ஏன் வந்தது என்று உனக்குத் தெரியாது. வராவிட்டால் தடயமும் போயிருக்கும். திங்கள் காலை மேனேஜர் முன்னால் நீ ஒருத்திதான் நிற்பாய். பழைய பதிப்புகளில் டம்ப் எடுத்து ஏற்றினால் டேட்டா வருமே தவிர, பிளானர் நம்பியிருக்கும் புள்ளிவிவரம் கூடவே வராது. அனலைஸ் ஓட்டி அதைப் புதிதாக எடுக்க மறந்தால் திங்கள்கிழமை இன்னும் மோசமாகத்தான் விடியும்.

டேனரியில் உன் அப்பாவின் கையில் கெட்டுப்போன அந்த லாட் விஷயம் உனக்கே தெரியும். ஒரே தோல், ஒரே சுண்ணாம்பு, ஒரே ஃபார்முலா, பக்கத்துப் பக்கத்து டிரம். ஒன்றில் தோல் வழவழவென்று வந்தது. இன்னொன்றில் சொரசொரத்து, சாயம் திட்டுத்திட்டாகப் பிடித்தது. மேஸ்திரியாக இருந்த உன் அப்பா கவனிக்கவில்லை என்று பழியை அவன் தலையில் கட்டினார்கள். தண்ணீரை ஒருவரும் சோதிக்கவில்லை. ஒரு டிரம்முக்கு டேங்கர் தண்ணீர், மற்றதற்கு போர் தண்ணீர். கடின நீரில் உள்ள பைகார்பனேட் சுண்ணாம்போடு சேர்ந்தால் கால்சியம் கார்பனேட்டாகித் தோல் மேல் படிந்துவிடும். பாலாற்றங்கரை நிலத்தடி நீரின் கதி உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-ல் தீர்ப்பே வந்தது. டேனரி நடத்துகிறவர்களுக்குத் தெரியாதா? ஃபார்முலாத் தாளில் தண்ணீர் இவ்வளவு என்று மட்டும் எழுதியிருந்தது, எந்தத் தண்ணீர் என்று இல்லை. அதற்கப்புறம் அவன் டேனரி வாசலை மிதிக்கவே இல்லை. இத்தனை வருஷமாகியும் எனக்கு ஆறவில்லை, பாப்பா. அவன் மகளுக்கும் அதே பழி வரக்கூடாது.

உன் செட்டிங்ஸ் ஃபைலும் அந்தத் தாள் மாதிரிதான். யாராவது எப்போதோ ஆல்டர் சிஸ்டம் கொடுத்திருந்தால், அது வேறொரு ஃபைலில் உட்கார்ந்துகொண்டு நீ காப்பி செய்ததை மீறிவிடும். டேட்டாபேஸுக்கோ யூசருக்கோ தனியாகப் போட்ட செட்டிங் அதையும் மீறும். ரிப்போர்ட் ஓடும் அதே யூசராக இரண்டு இடத்திலும் நுழைந்து, பி.ஜி. செட்டிங்ஸ் வியூவை எடுத்து ஒப்பிடு. எந்த மதிப்பு எங்கிருந்து வந்தது, எது ரீஸ்டார்ட்டுக்குக் காத்திருக்கிறது என்பதையும் அதுவே சொல்லும்.

அப்புறம் அந்த ரிப்போர்ட்டின் குவெரியை இரண்டு பக்கமும் எக்ஸ்ப்ளெய்னில் அனலைஸ், பஃபர்ஸ் இரண்டும் சேர்த்து ஓட்டு. அனலைஸ் போட்டால் குவெரி நிஜமாகவே ஓடும். உன்னுடையது செலக்ட், அதனால் பயமில்லை. ஒவ்வொரு படியிலும் பிளானர் எதிர்பார்த்தது எத்தனை வரிசை, வந்தது எத்தனை என்று பார். ஒரே வரிசைதான் வரும் என்று நம்பி நெஸ்டட் லூப் போட்டு, நாலு லட்சம் வந்திருந்தால் உன் முக்கால் மணி நேரம் அங்கேதான் போகிறது. முதல் ஓட்டம் டிஸ்கிலிருந்து படிக்கும், அடுத்தது மெமரியிலிருந்து எடுக்கும். அதனால் இரண்டாவதை இரண்டாவதோடு ஒப்பிடு.

என் சந்தேகத்தைச் சொல்லட்டுமா? ராணிப்பேட்டையில் டேட்டா ஏற்றும்போது பெரிய டேபிள்களுக்கு மட்டும், புள்ளிவிவரத்தைத் தானாகப் புதுப்பிக்கும் ஆட்டோவாக்யூமை நிறுத்தியதாகச் சொன்னாயே, திரும்பப் போட்டீர்களா? டேபிளுக்கென்று நிறுத்தியது அந்த செட்டிங்ஸ் வியூவில் தெரியாது, டேபிளின் விவரத்தில்தான் தெரியும். கடைசியாக எப்போது அனலைஸ் ஆனது, செத்த வரிசை எவ்வளவு என்று இன்றைக்கே பார்.

எழுத்துகளை வரிசைப்படுத்தும் கொலேஷனையும் பார். ஒன்றில் சி, மற்றதில் வேறு என்றிருந்தால், ஆர்டர் எண்ணின் முன்பகுதியை லைக் போட்டுத் தேடும்போது சாதாரண இன்டெக்ஸ் முதலாவதில் உதவும், மற்றதில் உதவாது. ஓ.எஸ். பதிப்பும் ஒன்றுதானா? லினக்ஸில் 2018-ல் வந்த ஜிலிப்சி 2.28 எழுத்து வரிசைமுறையையே மாற்றியதில், பழைய இன்டெக்ஸ்கள் தப்பான விடை தரும் நிலை வந்தது. ரெய்டு கார்டின் பேட்டரி செத்திருந்தால் எழுதுவதுதான் மெதுவாகும். உனக்குப் படிப்பது மெதுவாக இருப்பதால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. என்ன மாற்றினாய், எத்தனை மணிக்கு, முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று நோட்டில் எழுதி வை. நாளைக்கு யாராவது உன்னை நோக்கி விரல் நீட்டினால் அந்த நோட்டு உனக்காகப் பேசும். உன் அப்பாவிடம் அப்படி ஒன்று இருக்கவில்லை.

பெரியப்பா இவ்வளவு நீட்டிவிட்டாரே என்று மனசில் வைத்துக்கொள்ளாதே, கண்ணு. நம் வீட்டில் உன் அளவுக்குப் படித்தவர்களும் இல்லை, உன் அளவுக்குப் பொறுமை உள்ளவர்களும் இல்லை. தெருவில் யார் கேட்டாலும் உன்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். நீ என்ன செய்தாலும் சரியாகத்தான் செய்வாய். ஞாயிற்றுக்கிழமை பேசாமல் இங்கே வந்துவிடு. எந்த வண்டி என்று சொல், வாலாஜா ரோடு ஸ்டேஷனில் நிற்கிறேன். ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா வாங்கி வைக்கச் சொல்லிவிட்டாள் உன் பெரியம்மா. எக்ஸ்ப்ளெய்ன் தரும் அந்த இரண்டு பிளானையும் பிரின்ட் எடுத்துக்கொண்டு வா, சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உன் பெரியப்பா