செருப்புத் தைத்த இயற்கை ஆய்வாளர்

பள்ளிப் படிப்புக் குறைந்தோர்க்கு அறிவியல் எட்டாக்கனி என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அவ்வெண்ணம் சரியன்று என்பதை ஸ்காட்லாந்துத் தொழிலாளி ஒருவரின் வாழ்க்கை நமக்கு உணர்த்துகிறது. அவர் பெயர் தாமஸ் எட்வர்ட்.

1814ஆம் ஆண்டில் பிறந்த எட்வர்ட், அபர்டீன் நகரில் வளர்ந்தார். பூச்சிகளையும் சிற்றுயிர்களையும் பிடித்துப் பள்ளிக்குக் கொண்டு சென்றமையால் மூன்று பள்ளிகளிலிருந்து விலக்கப்பட்டார். ஆறு வயதில் படிப்பு நின்றது. புகையிலைத் தொழிற்சாலையிலும் நூற்பாலையிலும் உழைத்தபின், பதினோராம் வயதில் செருப்புத் தைக்கும் தொழிலைக் கற்கத் தொடங்கினார்.

பின்னர்ப் பான்ஃப் என்னும் கடற்கரை ஊரில் குடியேறினார். பதினொரு பிள்ளைகள், குறைந்த கூலி. காலை ஆறு மணி முதல் இரவு ஒன்பது மணிவரை வேலை. அதன்பின் எஞ்சிய இரவே அவருடைய பள்ளிக்கூடம். காட்டிலும் கடலோரத்திலும் உயிரினங்களின் நடமாட்டத்தைக் கூர்ந்து கவனிப்பார். களைத்தபோது குழிகளில் படுத்துச் சிறிது உறங்குவார். விடிந்ததும் வேலைக்குத் திரும்புவார்.

துன்பங்களும் தொடர்ந்தன. அவர் அரும்பாடுபட்டுச் சேர்த்த 900க்கும் மேற்பட்ட பூச்சிகளை எலிகள் அழித்தன. அவர் மீண்டும் சேகரித்தார். 1846ஆம் ஆண்டில் அபர்டீனில் ஒரு கண்காட்சி நடத்தினார். ஓய்வற்ற தொழிலாளி ஒருவர் தனித்து இவ்வளவும் சேர்த்திருக்க முடியுமா எனப் பலர் ஐயுற்றனர். கண்காட்சி நட்டத்தில் முடிந்தது. கடனைத் தீர்க்கத் தம் சேகரிப்பு முழுவதையும் ஏறக்குறைய 20 பவுனுக்கு விற்றுவிட்டு, வெறுங்கையுடன் ஊர் திரும்பினார். ஆயினும் தேடலைக் கைவிடவில்லை.

பாதிரியார் ஒருவர் நூல்களை இரவல் தந்து, கண்டவற்றை எழுதுமாறு தூண்டினார். எட்வர்டின் கட்டுரைகள் அறிவியல் இதழ்களில் வெளிவந்தன. பான்ஃப் அருங்காட்சியகத்தின் காப்பாளர் பொறுப்பும் வந்தது, ஊதியமோ சொற்பம். எனவே செருப்புத் தொழிலையும் தொடர்ந்தார். மீன்களின் வயிற்றில் கிடந்தவற்றைக்கூட ஆராய்ந்தார். இறால், நண்டு இனத்தைச் சேர்ந்த சிற்றுயிர்களில், அதுவரை அறிஞர்கள் அறியாத 20க்கும் மேற்பட்ட வகைகளைக் கண்டறிந்தார். அவற்றுள் ஒன்று அவர் பெயரையே பெற்றது.

1866ஆம் ஆண்டில் லண்டன் லின்னேயன் சங்கம் அவரைத் துணை உறுப்பினராக்கிச் சிறப்பித்தது. சாமுவேல் ஸ்மைல்ஸ் எழுதிய அவருடைய வரலாறு 1876ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே விக்டோரியா அரசியார் ஆண்டுக்கு 50 பவுன் உதவித்தொகை வழங்கினார். அப்போது எட்வர்டுக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது. உதவி வரும் வரையில் அவர் காத்திருந்தாரல்லர். 1886ஆம் ஆண்டில் அவர் காலமானார்.

வறுமை அவருக்கு உதவியது என்று நாம் கூறவில்லை. அது அவருடைய உழைப்பில் பெரும்பகுதியைப் பறித்தது. ஆனால் அவருடைய ஆர்வத்தை அதனால் பறிக்க இயலவில்லை. விடியுமுன்பே பால்மரக் காட்டினுள் செல்லும் நாமும் எத்தனையோ பறவைகளையும் பூச்சிகளையும் காண்கிறோம். கண்டதை நாளும் இடமும் குறித்து எழுதி வைப்போம். நம் பிள்ளைகளுக்கும் அப்பழக்கத்தைக் கற்பிப்போம். எட்வர்டின் அறிவியலும் அவ்வாறே தொடங்கியது.