காய்தல்: ஒரு சொல், பல செயன்முறைகள்

(க.பொ.த. சாதாரண தரம் – விஞ்ஞானம்: வீட்டுச் சூழலில் இருந்து சில வினாக்கள்)

மாணவர்களே, "டின்னில் இருந்த கிரீம் ஏன் இறுகியது?" என வினவினால் "காய்ந்துவிட்டது" என எழுதுவோர் பலர். அது விடையன்று, வினாவையே திருப்பிச் சொல்வதாகும். எது வெளியேறியது, அல்லது எது உள்ளே வந்தது எனக் கூறினாலே புள்ளி கிடைக்கும்.

வினா 1: மூடாது வைத்த முகக் கிரீம் இறுகுவது ஏன்? நீர் விட்டுக் குழைத்தால் சரியாகுமா?

கிரீம் என்பது எண்ணெயும் நீரும் சேர்ந்த குழம்பு ஆகும். (கறிக் குழம்பை நினைக்க வேண்டாம், பசுப்பாலும் விஞ்ஞானத்தில் ஒரு குழம்பே.) இவ்விரண்டும் தாமாகக் கலந்து நிற்பதில்லை. ஒன்று மற்றதனுள் நுண்துளிகளாக நிலைத்திருக்கக் குழம்பாக்கி என்னும் பொருள் சேர்க்கப்படுகிறது. மூடி திறந்திருப்பின் நீர் ஆவியாகும்; எண்ணெயும் மெழுகும் எஞ்சும்.

நீர் விட்டால் சரியாகாது. உடைந்த குழம்பு விரலால் குழைப்பதால் மீண்டும் உருவாவதில்லை. அதிலும் முக்கியம், கிணற்று நீருடன் பற்றீரியாக்களும் பங்கசுக்களும் உட்செல்லும்; ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருந்த நற்காப்புப் பொருளும் ஐதாகிவிடும். அதைக் கண்ணருகிலோ கீறல் உள்ள தோலிலோ பூசினால் தொற்று ஏற்படலாம். நூறு ரூபாய்க் கிரீமைக் காப்பாற்றப் போய் மருந்துக்குச் செலவழிக்க வேண்டாம்.

வினா 2: வஸலின் காயாதிருப்பது ஏன்?

அதில் நீர் இல்லை. 1872இல் செஸ்புரோ என்பவர் காப்புரிமை பெற்ற அப்பொருள் பெற்றோலியத்தில் இருந்து பெறப்படுவது. பற்பசையில் நீர் உண்டு. ஆயினும் கிளிசரின், சோபிற்றோல் ஆகியன அந்நீரைப் பிடித்து வைத்திருப்பதால் அது எளிதில் இறுகுவதில்லை.

வினா 3: நாலந்தாப் பகுதியில் ஆனி, ஆடி மாதங்களில் உதடு வெடிப்பது ஏன்?

இவ்வினாவுக்குப் புவியியல் பாடமும் உதவும். தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு மறுபுறம் வறண்டு இறங்குகிறது. மட்டக்களப்பில் இக்காற்றைக் கச்சான் என்பர். கெடிகேயின் அருகே போவத்தென்ன நீர்த்தேக்கம் விரிந்து கிடந்தாலும், வீசும் காற்றில் ஈரப்பதன் குறைவு. ஆகவே தோலின் மேற்படையில் இருந்து நீர் விரைவாக ஆவியாகிறது.

கிரீம் தோலுக்கு நீர் ஊட்டுகிறது என்பது பெரும்பாலும் விளம்பர வாசகம். அதன் முக்கிய வேலை, உள்ளிருக்கும் நீர் வெளியேறுவதை எண்ணெய்ப் படையால் தடுப்பதாகும். எனவே குளித்துத் துவட்டியவுடன், தோல் சற்று ஈரமாக இருக்கும்போதே பூசுதல் வேண்டும்.

வினா 4: பின்வருவனவும் "காய்தல்" தானா?

சப்பாத்துப் பொலிஷ் வெடிப்பது கரைப்பான் ஆவியாவதால். நீர் அங்கு பயன்படாது. கதவுக்குப் பூசும் எனாமல் பெயின்றில் கரைப்பான் போனபின் எண்ணெய்ப் பகுதி வளியிலுள்ள ஒட்சிசனுடன் தாக்கமடைந்து இறுகுகிறது; அதாவது ஒரு பொருள் உள்ளே வருகிறது. சீமெந்து நீருடன் தாக்கமடைந்தே இறுகும். அதனால்தான் மேசன்மார் புதிய கொங்கிறீற்றின் மேல் ஈரச் சாக்குப் போடுகின்றனர். மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் கட்டியாவது வெறும் உறைதல். வெயிலில் வைத்தால் உருகும்.

வினா 5: வெண்மையாக்கும் கிரீம் டின்னில் இருந்து நீர் மட்டுமா வெளியேறுகிறது?

இதனைக் கவனமாக வாசிக்கவும். பரீட்சைக்கு வந்தாலும் வராவிட்டாலும் உங்கள் வயதினர் அறிய வேண்டியது. சில வெண்மையாக்கும் கிரீம்களில் இரச உப்புக்கள் சேர்க்கப்படுகின்றன. அவை மெலனின் உருவாவதைத் தடுப்பதால் தோல் வெளிறும். அதேவேளை இரசம் தோலினூடாக உடலுட் சென்று சிறுநீரகத்தையும் நரம்புத் தொகுதியையும் தாக்கும். பூசிய தோலில் இருந்தும் திறந்த டின்னில் இருந்தும் இரச ஆவி வெளியேறுவதால், கிரீமைத் தொடாத கைக்குழந்தையும் அதைச் சுவாசிக்கிறது.

2013இல் நிறைவேறிய மினமாட்டா உடன்படிக்கையில் இலங்கை 2017இல் இணைந்தது. இரசம் மில்லியனில் 1 பகுதிக்கு மேற்பட்ட அழகுசாதனங்களின் உற்பத்திக்கும் ஏற்றுமதி, இறக்குமதிக்கும் அது 2020ஐ இறுதியாண்டாக்கியது. 2023இல் அந்த எல்லையும் நீக்கப்பட்டு, 2025இன் பின் இரசம் சேர்த்த எந்த அழகுசாதனமும் கூடாது என முடிவாயிற்று. ஆயினும் சந்தையில் அவை கிடைக்கின்றன.

சுட்டியில் "மேர்க்கியூரி", "கலோமல்", "மேர்க்கியூரஸ் குளோரைட்டு" என்பவற்றைத் தேடுக. உள்ளடக்கமோ தயாரித்தவர் முகவரியோ இல்லாத டின்னை வாங்காதீர்கள். வீட்டில் ஏற்கெனவே இருப்பின் எரிக்கவும் கானில் ஊற்றவும் கூடாது. எரித்தால் இரச ஆவி மேலும் வெளிவரும். இறுக மூடி, பொலித்தீன் பையிற் கட்டி, பிள்ளைகளுக்கு எட்டாது வைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்கவும். பூசி வந்தவர் வைத்தியரிடம் அதைச் சொல்ல வேண்டும். சிறுநீர்ப் பரிசோதனையால் உடலில் இரசம் உள்ளதா என அறியலாம்.

பயிற்சி: ஒரே அளவு கிரீம், வஸலின், தேங்காய் எண்ணெய் ஆகியவற்றை மூன்று தட்டுக்களில் இட்டு, ஒரு வாரம் நாள்தோறும் நிறுக்கவும். எதன் திணிவு குறையும்? காரணம் தருக.